ஆச்சி தந்த சொல்: ‘தலைமுறைகள்’ புதினத்தில் பாட்டியின் இடம்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாட்டி என்னும் பொருள்படும் சொல் ஒரேயொரு முறைதான் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், அவனிடத்தில் காணப்படும் விசுவாசம் அவனுக்கு முன்னே அவன் பாட்டி லோவிசாளிடத்தில் குடிகொண்டிருந்தது என்று நினைவுகூரும் இடமே அது. ஆனால் அதே இளைஞனுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரம், கிழவிகள் சொல்லும் கட்டுக்கதைகளை விட்டு விலகியிருக்குமாறு அவனுக்கு அறிவுறுத்துகிறது. இவ்விரு பகுதிகளின்மீதும் நாம் அருளுரை ஆற்றுகிறோம். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆற்றுவதில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வினா எழுகிறது. பாட்டியின் விசுவாசத்தைப் போற்றி, பாட்டியின் கதைகளைத் தள்ளிவிட முடியுமா? விசுவாசமும் கதையும் ஒரே வாயிலிருந்து, ஒரே மொழியில், ஒரே திண்ணையில் அன்றோ பேரப்பிள்ளைக்கு வந்து சேர்கின்றன? அவற்றுள் எதைக் கொள்வது, எதை விடுவது என்று பிரித்தறியும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவிற்கு விளக்கவுரை நூல்களில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்து மண்ணைக் களமாகக் கொண்டு 1968ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு புதினம் இதனை நேரடியாகச் சந்திக்கிறது. நீல பத்மநாபன் எழுதிய ‘தலைமுறைகள்’ என்பதே அது.

1. மூன்று புதினங்கள், மூன்று முதியோர்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், திருவிதாங்கூரின் தென்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இம்மாவட்டத்தைக் களமாகக் கொண்ட மூன்று சிறந்த புதினங்கள் தோன்றின. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இலும், சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இலும், ‘தலைமுறைகள்’ 1968இலும் வெளிவந்தன. தமிழ்ப் புதினப் பரப்பில் அதுவரை அதிகம் கேட்டிராத ஒரு வட்டாரத்தின் பேச்சுமொழியை இம்மூன்றும் தயக்கமின்றிக் கொண்டுவந்தன என்பது பலரும் எடுத்துக்கூறிய செய்தி. ஒவ்வொன்றிலும் ஒரு முதியவர் நின்று கடந்த காலத்தைக் காத்துவருகிறார் என்பதும் நம் கவனத்திற்குரியது.

‘புத்தம் வீட்டில்’ அவர் கண்ணப்பச்சி என்னும் தாத்தா. பனைவிளையில் ஒருகாலத்தில் செல்வாக்கோடு விளங்கிய கிறிஸ்தவக் குடும்பத்தின் தலைவர். அவர் காப்பது வீட்டின் பெருமை. பருவமடைந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபட்ட பேத்தி லிஸியின்மேல் அப்பெருமையின் பாரம் வந்து விழுகிறது. ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் அவர் தாமோதர ஆசான். நாகர்கோவிலின் வெளியிடங்களில் இளைஞர் சூழ அமர்ந்து ஊரின் பழைய நிகழ்ச்சிகளைச் சுவைபடச் சொல்லுபவர். அவர் காப்பது ஊரின் நினைவு. கேட்போர் பலர், அவர்கள் அவருடைய உறவினரல்லர், கேட்டு மகிழ்ந்தபின் அவரவர் வழியே போகலாம்.

‘தலைமுறைகள்’ புதினத்தில்தான் அம்முதியவர் ஒரு பெண், உண்ணாமலை ஆச்சி. அவர் சொல்லும் இடம் வீடு. கேட்பவன் பேரன் திரவி. கண்ணப்பச்சியின் அதிகாரமும் ஆசானின் அவையும் ஆச்சிக்கு இல்லை. அவரிடம் இருப்பது சொல் ஒன்றே. அந்தச் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையே இப்புதினம் சோதித்துப் பார்க்கிறது என நாம் கருதுகிறோம்.

2. வீட்டுக்குள் ஒரு வரலாற்றாசிரியர்

கதை நிகழும் ஊர் இரணியல். நாஞ்சில் நாட்டை அடுத்து மேற்கே, கல்குளம் வட்டத்தில், பழைய வேணாட்டு அரண்மனையின் நினைவைத் தாங்கி நிற்கும் ஊர் அது. அங்கு வாழ்ந்த ஏழூர்ச் செட்டிமார் சமூகத்தின் மூன்று தலைமுறை வாழ்வை ஆசிரியர் விரித்துரைக்கிறார். தம் குலத்தார் எங்கிருந்து வந்தனர், ஏன் வந்தனர், வழியில் எவற்றை இழந்தனர், எத்தெய்வங்களைத் தம்மோடு கொண்டுவந்தனர் என்னும் செய்திகளெல்லாம் திரவிக்கு ஆச்சியின் வாய்வழியாகவே தெரியவருகின்றன. அவை ஏட்டிலும் கல்வெட்டிலும் அவனுக்குக் கிடைத்தவை அல்ல.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆச்சியின் கதைகள் சிறுவனைத் தூங்கவைப்பதற்கான கதைகள் அல்ல. நீ யார், உனக்கு உரியவர் யார், நீ யாருக்குக் கடன்பட்டவன் என்பதை அவனுக்குச் சொல்லும் கதைகள். இஸ்ரவேலில் பிள்ளைகள் பஸ்காவின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் மறுமொழியாக ஒரு கதையைச் சொல்லும்படி யாத்திராகமம் கட்டளையிடுவதை நாம் அறிவோம். கட்டளை மட்டும் இருந்து கதை இல்லையேல் அடுத்த தலைமுறை கட்டளையையும் மறந்துபோகும். இதனை ஆச்சி எவரிடமும் கற்றவரல்லர், ஆயினும் அறிந்தவர்.

பாட்டியின் கதைசொல்லும் முறையே எழுத்தாளனின் முறையாக மாறுவதற்கு உலக இலக்கியத்தில் தக்க சான்று உண்டு. கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், தமிழில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று வழங்கும் தம் புதினத்தை 1967ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவும் ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளைப் பற்றியதே. அப்புதினத்துக்குரிய தொனி, நம்ப இயலாத செய்திகளையும் முகத்தில் சலனமின்றிச் சொல்லிச்செல்லும் தம் பாட்டி திராங்கிலினாவின் கதைசொல்லலிலிருந்து தமக்குக் கிடைத்தது என்று அவர் கூறியிருக்கிறார். உலகின் எதிரெதிர்த் திசைகளில், ஒருவரையொருவர் அறியாத இரு எழுத்தாளர்கள், ஏறத்தாழ ஒரே காலத்தில், வீட்டுக் கிழவியின் சொல்லை அடித்தளமாகக் கொண்டு தலைமுறைகளின் கதையைக் கட்டியெழுப்பினர். கட்டுக்கதை என்று கற்றோர் தள்ளிய ஒன்று, இருபதாம் நூற்றாண்டுப் புதினத்தின் வாயிற்படியாயிற்று.

3. மொழியே முதற் கொடை

நீல பத்மநாபன் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர், மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர், மலையாளத்திலும் எழுதுபவர். அத்தகைய ஒருவர், பிறமொழி ஆட்சிசெய்யும் தலைநகரிலிருந்து, இரணியல் தெருக்களின் தமிழைப் பக்கம் பக்கமாக எழுதினார். ஆசிரியரின் சொந்தப் பாட்டியை ஆச்சியில் தேடுவது திறனாய்வின் வேலையன்று. ஆயினும் இத்தகைய மொழி பள்ளியில் கற்கும் மொழியன்று என்பது தெளிவு. அடுக்களையிலும் முற்றத்திலும் மூத்த பெண்கள் பேசக் கேட்டுக் கேட்டு உள்ளத்தில் படிந்த மொழியே அது. மலையாளச் சாயல் கலந்தும், பழந்தமிழ்ச் சொற்கள் சிதையாமலும் வழங்கும் அப்பேச்சைத் திருத்தாமல் அச்சேற்றியது ஒரு துணிவான செயல். பேச்சைத் திருத்தினால் பேசியவரையும் திருத்திவிடுவோம் என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார் போலும்.

இவ்விடத்தில் நம் இறையியல் மாணவர் சற்று நின்று எண்ணிப்பார்ப்பது நலம். சிற்றூரிலிருந்து வரும் மாணவர் முதலாண்டிலேயே கைவிடுவது பாட்டியின் பேச்சையே. பிரசங்க பீடத்திற்கென்று ஒரு தமிழ், தேர்வுத்தாளுக்கென்று ஒரு தமிழ் என்று பழகிவிடுகிறோம். அவற்றுக்கு உரிய இடம் உண்டு. இக்கட்டுரையும் அத்தகைய தமிழிலேயே எழுதப்படுகிறது. ஆனால் நம் முதல் மன்றாட்டை நாம் கற்றது அந்தத் தமிழில் அன்று. மாக்சிம் கார்க்கி தம் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதிய நூலில், தாத்தாவின் கடவுள் ஒருவர், பாட்டியின் கடவுள் வேறொருவர் என்று சிறுவன் கண்டுகொள்வதைச் சித்திரிக்கிறார். இருவரும் ஒரே வீட்டில், ஒரே திருச்சபையின் மன்றாட்டுகளைச் சொன்னவர்களே. ஒருவர் கடவுளிடம் பேசிய முறைக்கும் மற்றவர் பேசிய முறைக்கும் இருந்த வேறுபாட்டிலிருந்தே சிறுவன் அம்முடிவுக்கு வந்தான். பிள்ளைகள் நம் கோட்பாட்டைக் கேட்கும் முன்னர் நம் குரலைக் கேட்டுவிடுகின்றனர்.

4. கொடையோடு வரும் பாரம்

‘தலைமுறைகள்’ பாட்டியைப் போற்றும் வாழ்த்துமடலாக மட்டும் நின்றிருப்பின், அதனை இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியதில்லை. இதன் மையத்தில் ஒரு பெண்ணின் துயரம் இருக்கிறது. திரவியின் தமக்கை நாகம்மை மணம்செய்து கொடுக்கப்பட்டு, பெண்மையில் குறையுடையவள் என்னும் பழி சுமத்தப்பட்டுத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். குறை அவளிடத்தில் அன்று, கணவனிடத்திலேயே உள்ளது. ஆனால் குலவழக்கங்கள் அவ்வுண்மையைக் கேட்கும் செவியுடையன அல்ல. கல்வி கற்ற திரவி, அவளுக்கு மறுவாழ்வு அமைக்க வேண்டும் எனத் துணிகிறான். ஊரும் உறவும் எதிர்நிற்கின்றன.

ஆச்சியின் கதைகள் எந்த உலகத்தைக் கட்டிக்காத்தனவோ, அதே உலகத்தின் வழக்கங்கள்தாம் நாகம்மையை நசுக்குகின்றன. குலத்தின் பெயர், குலத்தின் தெய்வம், குலத்தின் மானம் ஆகிய இவை யாவும் ஒரே நூலில் கோத்த மணிகள். ஆச்சியின் அன்பில் ஐயமில்லை. ஆயினும் அன்புடையவர் வழியாகவும் அநீதி தலைமுறைகளைக் கடந்து வருகிறது என்பதை இப்புதினம் மறைக்கவில்லை.

திரவி செய்வது என்ன? அவன் ஆச்சியை வெறுத்து ஒதுக்கவில்லை. ஆச்சியின் சொல்லுக்கு அப்படியே பணிந்துவிடவுமில்லை. அவரிடமிருந்து பெற்ற உரிமையுணர்வைக் கொண்டே அவருடைய உலகத்தின் வழக்கத்தை எதிர்க்கிறான். உனக்கு உரியவர் யார் என்று ஆச்சி கற்பித்திருந்தார். நாகம்மை எனக்கு உரியவள் என்று அவன் அதற்கு விடையளிக்கிறான். குலத்தைக் காப்பதற்காகச் சொல்லப்பட்ட கதை, குலம் கைவிட்ட ஒருத்தியைக் காப்பதற்குப் பயன்படுகிறது. ஆச்சிக்கு அவன் செலுத்தும் மெய்யான மரியாதை இதுவே என்பது நம் துணிபு.

திருமறையும் பாட்டிமாரை ஒரே வண்ணத்தில் தீட்டவில்லை. யூதாவின் அரச குடும்பத்தில் அத்தாலியாள் தன் பேரப்பிள்ளைகளையே கொன்று அரியணை ஏறினாள். யோவாஸ் ஒருவன் மறைத்துவைக்கப்பட்டுத் தப்பினான். ஆசா அரசன், அபியாமின் தாயும் அதனால் தனக்குப் பாட்டியுமான மாகாளை, அவள் அருவருப்பான விக்கிரகத்தை உண்டாக்கியதற்காக அரசி என்னும் நிலையிலிருந்து விலக்கினான். மறுபுறத்தில் நகோமி, ரூத்தின் குழந்தையை மடியிலேந்தி வளர்த்தாள். குருதியுறவு இல்லாத அப்பேரனை நகோமிக்குப் பிறந்தவன் என்றே அயலகப் பெண்கள் அழைத்தனர். மரபை மதித்தல் என்பது மரபைச் சோதித்தறிதலையும் உள்ளடக்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

லோவிசாளிடம் மீண்டும் வருவோம். அவளுடைய மகள் ஐனிக்கேயாள் யூதப்பெண், மருமகனோ கிரேக்கன். பேரன் வாலிபனாகும் வரையில் விருத்தசேதனம் பெறவில்லை என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம் காட்டுகிறது. ஆகவே அவ்வீட்டில் முறையும் சடங்கும் அப்பெண்களின் கையில் இருக்கவில்லை என எண்ண இடமுண்டு. இருந்தும் தீமோத்தேயு குழந்தைப் பருவம் முதல் வேத எழுத்துக்களை அறிந்தவனாயிருந்தான். அதிகாரமற்ற இரு பெண்கள் சொல் ஒன்றையே கருவியாகக் கொண்டு அதனைச் செய்தனர் எனலாம். உண்ணாமலை ஆச்சியைப் படித்தபின் லோவிசாளைப் படிப்போர்க்கு இது இன்னும் தெளிவாக விளங்கும்.

5. நம் மனத்தாங்கல்

இப்புதினத்தைக் குறையற்றதென நாம் கூறவில்லை. சடங்குகளின் விரிவான வருணனை சில இடங்களில் கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது. ஆச்சி ஒரு மனுஷியாக நில்லாமல், சமூகச் செய்திகளைத் தரும் வாயாக மட்டும் நிற்கும் இடங்களும் உண்டு. ஆயினும் இவை சிறிய குறைகளே.

பெரிய குறை வேறு. புதினம் பெரிதும் திரவியின் பார்வையிலேயே நடக்கிறது. ஆச்சியிடமிருந்து பேரன் பெற்றதை நாம் நன்கு அறிகிறோம். பேத்தி பெற்றதைக் குறைவாகவே அறிகிறோம். அதே வீட்டில், அதே ஆச்சியின் நிழலில்தான் நாகம்மையும் வளர்ந்தாள். பேரனுக்குக் கதையும் பேத்திக்கு ஒழுக்கவிதியும் என்று பாகம் பிரிந்ததா? தன்னைப் போலத் துயருற்ற முன்னோர் பெண்களின் கதைகளைக் கேட்டபோது அவள் என்ன நினைத்தாள்? நூலின் மௌனம் இங்கே உறுத்துகிறது. பேத்தியின் உள்ளத்துக்கு மிக அருகில் செல்லும் ‘புத்தம் வீட்டை’ இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நாம் பரிந்துரைப்பது இதனாலேயே. அங்கே லிஸியின் மனத்தை எழுதியவர் ஒரு பெண். 2010ஆம் ஆண்டில் ‘தலைமுறைகள்’ புதினத்தைத் தழுவி ‘மகிழ்ச்சி’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதனைப் பார்த்தவர்களும் மூலநூலுக்குத் திரும்பி வந்து இவ்வினாவைக் கேட்கலாம்.

இவ்வாசிரியர் முதியோரின் வாழ்வைப் பின்னரும் விட்டுவிடவில்லை. 2007ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற ‘இலையுதிர் காலம்’ முதுமையைப் பற்றிய புதினமேயாகும். பேரனாக நின்று எழுதத் தொடங்கியவர், நாற்பதாண்டுகளுக்குள் முதியவர்களின் பக்கம் வந்து நின்று எழுதினார்.

6. நம் சபைகளில் உள்ள ஆச்சிகள்

இந்நூல் நம் சபைகளைப் பற்றிப் பேசவில்லை. எனினும் நம்மை நோக்கிப் பேசுகிறது. 1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததையும், 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியர் பெண்கல்விக்கு வித்திட்டதையும், மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னலைக் கற்பித்ததையும் நம் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பித்தவரின் பெயர் நிலைபெற்றிருக்கிறது; கற்றவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நிலைபெறவில்லை. தோள்சீலைப் போராட்டம் 1859ஆம் ஆண்டின் அரசாணையோடு ஒரு நிலைக்கு வந்ததை ஆண்டுக் கணக்கோடு எழுதியிருக்கிறோம். மேலாடை அணிந்ததற்காகச் சந்தையில் அவமதிக்கப்பட்ட பெண், வீடு திரும்பித் தன் மகளிடம் அதை எவ்வாறு சொன்னாள், அம்மகள் தன் பேத்தியிடம் எதைச் சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டாள் என்பவை அரசாணையில் இல்லை. அவை வீடுகளில்தாம் வழங்கின.

நாம் பாட்டிமாரைப் போற்றும் முறை வேறாகிவிட்டது. அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கிறோம். அதில் பிறப்பு, திருமணம், பிள்ளைகள் வகிக்கும் பதவிகள், ஆலயத்திற்கு அளித்த நன்கொடை ஆகியன வரிசையாக வரும். அன்னையர் ஞாயிறில் லோவிசாள் வருவாள். மாசற்ற பாட்டியாக வந்து போவாள். அந்தப் பாட்டியின் பேச்சோ, அவர் சொன்ன கதையோ, பேரப்பிள்ளைகள் அவரோடு மாறுபட்ட இடமோ நம் குறிப்புகளில் இடம்பெறுவதில்லை. பட்டத்துக்காகச் சபை வரலாறு எழுதும் மாணவர்களும் கூட்டக் குறிப்பேடுகளையும் மிஷனரிகளின் கடிதங்களையும் தேடிச் செல்கின்றனர். அவை வேண்டியவையே. ஆனால் அக்குறிப்பேடுகளில் கையொப்பம் இட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் எண்பது வயது அம்மையாரிடம் கேட்டறிய வேண்டியதை எக்கடிதமும் தராது. அவர் மறைந்தபின் எவரும் தர இயலாது.

நீல பத்மநாபன் நமக்குக் காட்டும் வழி மூன்று படிகள் கொண்டது. முதலாவது, பாட்டியின் சொல்லை அவர் சொன்னபடியே கேட்பது; நம் நடைக்கு ஏற்பத் திருத்தாமல் எழுதுவது. இரண்டாவது, அச்சொல்லில் அன்போடு கலந்து வந்த அநீதியை அடையாளம் காண்பது. அன்பு இருந்தது என்பதற்காக அநீதியை மறைக்காமலும், அநீதி இருந்தது என்பதற்காக அன்பை மறுக்காமலும் இருப்பது. மூன்றாவது, பெற்ற சொல்லைக் கைவிடப்பட்டவரின் பக்கம் நின்று பயன்படுத்துவது. முதற்படியில் நின்றுவிட்டால் பழம்பொருள் சேகரிப்போராவோம். இரண்டாவதிலேயே நின்றுவிட்டால் வெறும் குறைகாண்போராவோம்.

லோவிசாளைப் பற்றிய அந்த ஒரே வசனத்தில், பாட்டியின் பெயரை அடுத்துத் தாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. விசுவாசம் பாட்டியிடமிருந்து பேரனுக்குத் தாவிச் சென்றுவிடவில்லை. இடையில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கும் பெயர் உண்டு. ‘தலைமுறைகள்’ புதினத்தில் நாம் தேடிக் காணாத பெண்ணின் குரலை நம் சபைகளிலும் தேட வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர்கள் இவ்விரு புதினங்களையும் உடன் கொண்டுசெல்வார்களாக. படித்து முடித்தபின் தங்கள் பாட்டியிடம் கதை கேட்கும்போது, தங்கள் சகோதரிகளையும் அருகில் அமர்த்திக்கொள்வார்களாக. ஒரே கதையை இருவரும் எவ்வாறு கேட்டனர் என்பதை எழுதிக் கொணர்ந்தால், அதனை இவ்விதழில் வெளியிடுவதற்கு நாம் பரிந்துரைப்போம்.